ரிட்டர்ன் பக்கம்

ராத்திரி ஒன்றரை மணி. லீட்டோனியாவிலிருந்து யங்ஸ்டவுனுக்குப் போகும் பழைய சாலை. இரண்டு பக்கமும் அறுத்துவிட்ட சோளக்காடு, அதன்மேல் பனி. வண்டி விளக்கு எட்டும் தூரம்தான் உலகம். அதற்கப்பால் ஒன்றுமில்லை...

அந்தச் சாலையில் ஒரே ஒரு வேன். ஓட்டிக்கொண்டிருந்தவன் எமில் ஹ்ராபாக். நம் வென்டலின் அக்கா புருஷன். வென்டலை உங்களுக்கெல்லாம் தெரியும். சீட்டாட்டத்தில்கூடப் பொய் சொல்ல வராதவன். எமில் அவனிடம் சொன்னது இது. கடைசிப் பகுதி மட்டும் வென்டல் கண்ணால் பார்த்தது. அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள்.

எமிலுக்குக் கடைகளுக்கு மலிவு நாவல்கள் கொண்டுபோய்ப் போடுகிற வேலை. மருந்துக்கடை, பஸ் நிலையம், சுருட்டுக்கடை... புத்தகம் செருகிய கம்பி ரேக் எங்கே சுழல்கிறதோ அங்கெல்லாம் போவான். அட்டையில் உள்பாவாடையோடு ஒருத்தி, அவள் கழுத்தருகே ஒரு கை, கையில் கத்தி. அப்படிப்பட்ட சரக்கு. புதியதைச் செருக வேண்டும், விற்காததை உருவ வேண்டும். உருவியதை முழுசாகத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அட்டையை மட்டும் கிழித்து நியூயார்க்குக்கு அனுப்பினால் போதும். ஒரு அட்டை போனால் பதிலுக்குப் புதுசாக ஒன்று வரும். அட்டை போன புத்தகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் உடம்பு. உடம்பைக் கிடங்கின் பின்னாலிருக்கும் உலையில் போட்டு எரித்துவிட வேண்டும். அட்டை போய்விட்டால் அப்படி ஒன்று இருந்ததாகவே கணக்கில் கிடையாது.

எமில் எல்லா உடம்பையும் எரிக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கமிருந்த சாராயக்கடைகளில் விற்றுக்கொண்டிருந்தான். அது ரூடிக்குத் தெரிந்துபோயிற்று.

ரூடி மேசர் அவனோடு வேனில் போகும் கூட்டாளி. அட்டை கிழிப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. வலது கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்து வைத்திருப்பான். நகத்தை அட்டைக்கடியில் விடுவான். ஒரே இழுப்பு.

அன்று ராத்திரி லீட்டோனியா தாண்டியதும் நிலக்கரி சுட்ட பாழடைந்த கோக் சூளைகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னான் ரூடி. ஒன்றுக்குப் போக வேண்டுமாம். இறங்கினவன் போகவில்லை. சிகரெட் பற்றவைத்தான்.

"என்ன தொரை, உடம்பு வியாபாரம் எப்படிப் போவுது?"

"என்ன உளர்ற?"

"சாராயக்கடைல அவனவன் கையில மூஞ்சியில்லாத புத்தகம். ஒருத்தன் என்கிட்டயே கேக்கறான், தம்பி இந்தக் கதைக்குப் பேரு என்னன்னு. கொன்னவன் யாருன்னு தெரிஞ்சுதாம், பேருதான் தெரியலையாம்."

எமில் கதவைத் திறந்து இறங்கினான்.

"திங்கக்கெழம மொதலாளி ஹாஸ்கெல்கிட்ட சொல்லப்போறேன். இந்த ரூட்டு இனிமே எனக்கு. உன் மூஞ்சியக் கிழிச்சு நியூயார்க்குக்கு அனுப்பிருவாரு பாரு. உடம்ப வேணா உன் பொண்டாட்டி ஐரீன் வச்சுக்கட்டும்."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு சூளைப் பக்கம் திரும்பி நின்றான். எமில் இருக்கைக்கடியில் கைவிட்டு டயர் கழற்றும் இரும்பை எடுத்தான்.

முதல் அடியில் தொப்பி பறந்தது. இரண்டாவது அடி பின்மண்டையில் விழுந்தபோது ஈரவிறகு பிளக்கிற சத்தம். ரூடி முழங்காலில் உட்கார்ந்தான். கையிலிருந்த சிகரெட்டை இன்னும் விடவில்லை. மூன்றாவது அடிக்கு விட்டான். அதற்கப்புறமும் எமில் நிறுத்தவில்லை... கை வலிக்கும்வரை அடித்தான். பனியில் ஆவி பறந்தது.

புரட்டிப் பார்த்தான். பின்னால் ஒன்றும் மிச்சமில்லை. முகத்தில் மட்டும் ஒரு கீறல் கிடையாது. யாரும் கை வைக்காத புதுப் புத்தகம் மாதிரி இருந்தது.

எமிலுக்கு வேண்டியது ஒன்றுதான். ஐந்து மணிக்கு முதலாளி ஹாஸ்கெல் வருவதற்குள் ரூடி உலைக்குள் போயிருக்க வேண்டும்.

வேனின் பின்பக்கம் எப்போதும் இரண்டு பங்கு. இடப்பக்கம் புதுச் சரக்கு. வலப்பக்கம் ரிட்டர்ன், விற்காமல் திரும்பியது. ரூடியைத் தூக்கி எறிந்தான். வலப்பக்கம் போய் விழுந்தான், உருவி வந்து இன்னும் அட்டை கிழிக்காத புத்தகங்களின் மேல். தூக்கிப் போடும்போது எப்போதும் சொல்கிற சொல் பழக்கதோஷத்தில் அவன் வாயிலிருந்து வந்தது.

"ரிட்டர்ன்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அதனால் என்ன என்று நினைத்துக் கதவைச் சாத்தினான்.

ஒன்றரை மணி. பழைய சாலை... இப்போது அங்கே வந்துவிட்டோம்.

முதலில் டயர் சத்தம் என்றுதான் நினைத்தான்.

ர்ர்ரக்.

கொஞ்சம் இடைவெளி. பிறகு, டப்.

ர்ர்ரக்... டப்.

பல வருஷமாகக் கேட்ட சத்தம். அட்டை கிழிகிறது. உடம்பு பெட்டியில் விழுகிறது. சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து, தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான். அணைத்த பிறகும் ஒரு முறை கேட்டது. ர்ர்ரக். டப் வரவில்லை. கையில் பிடித்துக்கொண்டு யாரோ காத்திருப்பது போல.

டார்ச்சோடு போய்ப் பின்கதவைத் திறந்தான். மட்டக்காகித வாடை, அதன்மேல் இரும்பு மாதிரி ரத்த வாடை. ரூடி போட்டது போட்டபடி கிடந்தான். சுற்றியிருந்த புத்தகங்களில் பாதிக்கு அட்டை இல்லை. கிழித்த அட்டைகள் ஓரம் ஒத்துப்போகும்படி அடுக்கி, சணலால் கட்டப்பட்டிருந்தன. ரூடி போடும் முடிச்சு. ரூடியின் வலது கையுறை கழன்று பக்கத்தில் கிடந்தது. கட்டைவிரல் நகத்தில் சிவப்பு மை...

மை என்றுதான் எமில் வென்டலிடம் சொன்னான்.

கதவைச் சாத்திவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தான். யங்ஸ்டவுன் இரும்பாலை உலைகளின் சிவப்பு வானத்தில் தெரிகிறவரை நிறுத்தவில்லை. பின்னால் வேலை வேகமாக நடந்தது. ர்ர்ரக் டப் ர்ர்ரக் டப் ர்ர்ரக் டப். ஊர் எல்லையில் நின்றது.

அப்புறம் கடைசியாக ஒன்று. அது மெதுவாக வந்தது. காகிதச் சத்தம் இல்லை. ஈரத்துணியை இழுத்துக் கிழிக்கிற சத்தம்.

அதற்குப் பின் டப் வரவில்லை.

கிடங்கில் யாருமில்லை. வேனின் பின்கதவைத் திறந்தான். வலப்பக்கம் ஒரு புத்தகத்துக்கும் அட்டை கிடையாது. ரூடிக்கும் கிடையாது. காதுவரை சரியாக இருந்தது. நடுவில் இருக்க வேண்டியது இல்லை. எலும்பு இல்லை, ரத்தம் இல்லை. அட்டை கிழித்த இடத்தில் ஓரமாக நார் நிற்குமே, அப்படி நார். உள்ளே பழுப்புக் காகித நிறம்.

எமில் வாந்தி எடுத்தான். எடுத்துவிட்டுத் தூக்கினான். உலைக்குள் கால்தான் கடைசியாகப் போயிற்று.

பிறகு கட்டுகள். அவற்றில் ஏதோ ஒன்றில் ரூடியின் முகம் இருக்கிறது. கத்தியால் சணலை அறுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். உள்பாவாடைக்காரிகள், தொப்பிக்காரர்கள், கத்திகள், பிணங்கள். எல்லாரும் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார்கள். ரூடி இல்லை... அப்போது வெளியே ஹாரன். நியூயார்க் லாரி. கூடவே ஹாஸ்கெல்.

"என்னய்யா எரிக்கற, பன்னியா? தெருமுனை வரைக்கும் கொழுப்பு நாத்தம்."

"எலி செத்துக் கெடந்துச்சு மொதலாளி."

"அட்டையெல்லாம் ஏன் இப்படி எறைச்சுப் போட்டிருக்க? கட்டு, கட்டு. லாரி நிக்குது."

அவன் பிரிக்காத கட்டு ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. லாரிக்காரன் அதைத்தான் முதலில் தூக்கிப் போட்டான்.

செவ்வாய்க்கிழமை ஷெரீஃப் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். ரூடியைக் காணோம், ஆள் எப்படி இருப்பான் என்று கேட்டார்.

ஹாஸ்கெல் கையை உயர்த்திக் காட்டினார். "அவன்... இந்த உயரம் இருப்பான். தோள் அகலம். மூஞ்சி... என்னய்யா எமில், ரூடி மூஞ்சி எப்படி இருக்கும்?"

எமில் யோசித்தான். உண்மையாகவே வரவில்லை.

ஓட்டுநர் சங்க அட்டையில் போட்டோ இருந்தது. சட்டைக் காலர் இருந்தது, அதற்குமேல் வெள்ளையாக இருந்தது. பிரிண்ட் சரியில்லை என்று சொல்லி ஷெரீஃப் ஆபீஸ்காரர் அதைப் பையில் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. எப்படி இருப்பான் என்று ஒருவருக்கும் தெரியாத ஆளை எங்கே போய்த் தேடுவது?

எமில் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினான். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தான். அவனை மாதிரி ஒருவன் எப்படி அதை மறந்தான் என்றுதான் தெரியவில்லை. ஒரு அட்டை போனால் பதிலுக்குப் புதுசாக ஒன்று வரும்.

பனி உருகின ஒரு காலையில் நியூயார்க் லாரி புதுச் சரக்கோடு வந்தது. சரக்கின்மேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். குதித்தான்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அந்த முகம் ஞாபகம் வந்துவிட்டது.

"அட ரூடி! எங்கடா தொலஞ்ச நாயே?" ஹாஸ்கெல் அவன் முதுகில் தட்டினார்.

"நியூயார்க்குல இருந்தேன் மொதலாளி. அவங்கதான் அனுப்பினாங்க."

ரூடி நேராக எமிலிடம் வந்தான். அதே முகம். ஆனால் சின்ன வயசில் வந்த அம்மைத் தழும்பு இல்லை. கண்ணோரச் சுருக்கம் இல்லை. வழவழவென்று வெளிச்சம் பட்டுப் பளபளத்தது. புது அச்சு மை வாடை அடித்தது.

"என்ன தொரை, சௌக்கியமா?"

எமில் தலையாட்டினான்.

ரூடி அவனைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தான். ரேக்கைச் சுழற்றிப் பார்க்கிற மாதிரி.

"நீ எத்தனை நாளா இங்க நிக்கற எமில்? ஓரமெல்லாம் மடங்கிப் போச்சே. யாரும் கையில எடுத்துக்கூடப் பாக்கல போலிருக்கு." கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "ராத்திரி ரூட்டு இருக்கில்ல? வா. வலப்பக்கம் எடம் காலியாத்தான் இருக்கு."

அன்று மத்தியானம் எமில் வென்டலைத் தேடி வந்தான். இதுவரை நீங்கள் கேட்டதெல்லாம் அப்போது சொன்னதுதான். குடிக்கவில்லை. காபியைக்கூடத் தொடவில்லை.

"ஊர விட்டு ஓடிரு மச்சான்" என்றான் வென்டல்.

"எங்க ஓடறது? எந்த ஊர்ல ரேக்கு இல்ல?" என்றான் எமில். "ஐரீனப் பாத்துக்க."

சாயங்காலம் வேன் கிளம்பிற்று. விடியற்காலையில் ரூடி ஓட்டிக்கொண்டு வந்தான், தனியாக. எமில் வழியில் இறங்கிவிட்டான் என்றான். அன்று உலையிலிருந்து வந்த நாற்றத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

வென்டல் அக்கா வீட்டுக்கு ஓடினான். ஐரீன் சமையலறையில் கல்யாண போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோட்டு, டை, பூ. காலருக்குமேல் வெள்ளை.

"அவர் தோளு ஞாபகம் இருக்குடா. இருமறது ஞாபகம் இருக்கு. ரொட்டியக் காபில முக்கித் தின்றது ஞாபகம் இருக்கு" என்றாள். "மூஞ்சி மட்டும் வரமாட்டேங்குது. பதினோரு வருஷம் பாத்த மூஞ்சிடா..."

ஒரு மாதம் கழித்து எமில் திரும்பி வந்தான். புதுச் சரக்கு லாரியில்.

இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறான். சட்டையெல்லாம் சரியாகப் பொருந்துகிறது. ரொட்டியைக் காபியில் முக்கித்தான் தின்கிறான். சிரித்த முகம். போட்டோவிலும் முகம் வந்துவிட்டது. அது அவன்தானா என்று ஐரீனால் சொல்ல முடியவில்லை. எதோடு ஒத்துப் பார்ப்பாள்?

ஒன்று மட்டும் தம்பியிடம் சொன்னாள். காலையில் அவன் எழுந்து போன பிறகு தலையணை உறையில் ஒரு முகம் மங்கலாகப் பதிந்திருக்கிறதாம். மை காயாத அட்டையைக் காகிதத்தில் கவிழ்த்தால் பதியுமே, அப்படி. துவைத்தால் போய்விடும். மறுநாள் மறுபடி இருக்கும்.

வென்டல் நம்பவில்லை. ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது ஐரீன் கதவைத் திறந்தாள். நன்றாக இருந்தாள். பழைய சோர்வே இல்லை, கண்ணோரச் சுருக்கமும் இல்லை. காபி போடப் போனாள். அவன் சும்மா எட்டிப் பார்ப்பது போலப் படுக்கையறைக்குள் பார்த்தான்.

உண்மைதான். பதிந்திருந்தது.

இரண்டு தலையணையிலும்.