மீன்பாடி வண்டிக் கோட்டை

அன்று காலை மீன் ஏலம் நடந்ததா இல்லையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. நடந்தது என்கிறார்கள். நான் சொல்லும் வரிசையில் சில இடங்கள் பிசகியிருக்கலாம், ஐயா. யார் எங்கே நின்றார்கள் என்பது மட்டும் பிசகாது. அவர்களை நிறுத்தியவன் நான்.

எண்ணூரில் எங்கள் குப்பத்தை ஒட்டிய ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கிறேன். அது ஒழுங்காக ஓடினால் எனக்கு வேலையில்லை. படிப்பேன். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் பொஹீமியா என்ற நாட்டில் நடந்த மதப்போரைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் பலமுறை படித்திருக்கிறேன். தங்கள் பாதிரியாரை எரித்த திருச்சபையை எதிர்த்து அங்கே குடியானவர்கள் எழுந்தார்கள். குதிரைப்படைக்கு எதிரே பார வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்துக் கோட்டை கட்டினார்கள். உள்ளே ஒவ்வொருவனுக்கும் ஒரு வேலை. கேடயப் பலகை பிடிப்பவன் அதை மட்டும் பிடிப்பான். வில்லாளி இடுக்கு வழியாக எய்வான். எதிரி தளர்ந்ததும் சங்கிலி அவிழும். கதிரடிக்கும் கோலில் ஆணி அறைந்து வைத்திருப்பவர்கள் வெளியே பாய்வார்கள். ஒருவனும் தானாக யோசிக்கத் தேவையில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

வடக்குக் குப்பத்தார் சுருக்குமடி வலை போட்டுக் குஞ்சு மீனையும் வாரிக்கொண்டு போனார்கள். கேட்கப் போன எங்கள் குப்பத்துப் பிரகாஷின் கையை முறித்து அனுப்பினார்கள். அவர்களோடு மோத வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்றது எங்கள் பஞ்சாயத்து. வராத வீட்டோடு யாரும் பேச மாட்டார்கள். என் வீட்டுக்கு நான் போனேன். "இவுரு பொஸ்தகத்தாலயே அடிப்பாரு" என்றான் குமாரவேல். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவனும் நான் சொன்னபடிதான் செய்தான்.

மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளை, ஐஸ் கம்பெனிக்கு எதிரே அவர்கள் வரும் சாலையின் குறுக்கே நிறுத்தி நங்கூரச் சங்கிலியால் பிணைத்தோம். அவற்றின் மேல் மீன் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கினோம். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே தெரியாது. தெரிந்தால் பயம் வரும் என்றேன். கல் எறிபவர்களை ஒரு பக்கமும், பெட்ரோல் பாட்டில் வைத்திருந்தவர்களை மறுபக்கமும் நிறுத்தினேன். துடுப்புக் கழியில் சங்கிலி கோத்து, முனையில் இரும்புத் துண்டு கட்டி, குமாரவேலுக்கும் அவன் ஆட்களுக்கும் கொடுத்தேன். நான் ஐஸ் கம்பெனி மாடியில் நின்றுகொண்டேன். இரும்புக் குழாயை நான் ஒருமுறை தட்டினால் எறிய வேண்டும். மறுமுறை தட்டினால் அவிழ்த்துப் பாய வேண்டும்.

அப்போதுதான் வடக்குக் குப்பத்துத் தலைவர் அறிவு எனக்குப் போன் செய்தார். அவர்களுக்கும் ஐஸ் தருவது நாங்கள்தான். என் எண் அவரிடம் இருந்தது. தவறு தங்கள் பக்கம் என்றார். "பொம்பளைங்கள முன்னால வுட்டு, தட்டோட வரோம். உங்காளுங்க கைல சொல்லிடு நைனா" என்றார். சரி என்றேன்.

சொல்லத்தான் இருந்தேன். கீழே பார்த்தேன். ஒவ்வொருவனும் தன் இடத்தில் அசையாமல் நின்றான். எங்கள் குப்பத்தில் அப்படியொரு மௌனத்தை நான் கண்டதே இல்லை. அதைக் கலைக்க மனம் வரவில்லை.

அவர்கள் வாய் திறக்காமல் நடந்து வந்தார்கள். முன்னால் கெங்கம்மா, தட்டில் வெற்றிலையும் வாழைப்பழமும். அவள் குமாரவேலின் சின்னம்மா, அந்தக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

"வராங்களா மாமு?" என்று கீழிருந்து கேட்டான் குமாரவேல்.

"வராங்க."

"கைல இன்னா வச்சிகினு கீறாங்க?"

நான் குழாயைத் தட்டினேன்.

கல் பறந்தது. பாட்டில்கள் விழுந்த இடமெல்லாம் தீ. திரும்பி ஓடியவர்கள் பின்னால் வந்தவர்கள்மேல் விழுந்தார்கள். புத்தகத்திலும் அந்த இடம் அப்படித்தான். மறுபடி தட்டினேன். குமாரவேல் புகைக்குள் பாய்ந்து, முதலில் எதிர்ப்பட்ட தலையில் அடித்தான். அவள் அவன் பெயரைச் சொன்னாள். அதற்குள் கோல் மறுமுறை இறங்கிவிட்டது. அந்தக் கோலைப் பாதியில் நிறுத்த முடியாது. அதன் குணம் அது.

கெங்கம்மா அங்கேயே இறந்தாள். இன்னும் இரண்டு பெண்கள் தீயில் இறந்தார்கள். அறிவு ஆஸ்பத்திரியில் இறந்தார். குமாரவேல் புழல் சிறையில் இருக்கிறான், யாரோடும் பேசுவதில்லை. அவன் மனைவி ரேகா பிள்ளையோடு மீஞ்சூருக்குப் போய்விட்டாள். பிரகாஷின் கை கூடிவிட்டது. சுருக்குமடி வலை இப்போதும் போடுகிறார்கள். எங்கள் பக்கம் ஒருவருக்கும் காயமில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.