மாதுளைத் தோல் ஜெல்

மாதுளம்பழத்தின் தோலைத் தூக்கிப் போடாதீர்கள், சார். காயவைத்துக் கொதிக்கவிட்டால் துவர்ப்பாக ஒரு சாறு இறங்கும். தீப்புண்ணுக்குப் போட ஜெலட்டினில் செய்த ஜெல் உடம்புச் சூட்டில் உருகி வழிந்துவிடும். இந்தச் சாற்றைச் சேர்த்தால் தோலோடு தோலாக ஒட்டி நிற்கும். கூடினால் ரப்பர், குறைந்தால் தண்ணீர். அந்த அளவு பிடிபட எனக்கு ஏழு வருடம் ஆயிற்று.

என்னோடு தங்கியிருந்த தங்கைக்கு வலது கையில் குக்கர் ஆவி அடித்தது தற்செயல்தான். ஜெல்லைப் போட்டேன். ஒன்பதே நாளில் சுவடில்லாமல் ஆறியது. படங்களோடு ஆய்வுக்கூடத் தலைவரிடம் ஓடினேன். மாதக் கடைசியில் என் மேசையை வேறொருவருக்குத் தர அவர் முடிவு செய்திருந்தார்.

"ஒரு கையை வெச்சு என்னம்மா சொல்ல முடியும்? சும்மா விட்டிருந்தாலும் ஆறியிருக்கும்," என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து போடாத காயம் ஒன்றும் வேண்டும். அதே உடம்பு, அதே சூடு, அதே நாள்.

மத்தியானத்தில் இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டிப் போட்டுத் தூங்குவது என் தங்கையின் பழக்கம். போலீஸிடம் மாட்டிக்கொண்டவள் மாதிரி என்று கேலி செய்வேன். அன்று சளி மாத்திரையோடு தூக்க மாத்திரையும் கொடுத்தேன். தண்ணீரின் சூட்டை அளந்து எழுதிக்கொண்டேன். கைக்கு அரை டம்ளர்.

அலறி எழுந்தவளிடம், கால் தடுக்கிவிட்டது என்றேன்.

"நீ அழாதக்கா. அதான் உன் மருந்து இருக்கே," என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

வலது கைக்கு ஜெல் போட்டேன். இடது கைக்கு வெறும் துணிக்கட்டு. ஐந்தாம் நாள் அது சீழ் வைத்து, காய்ச்சலும் வந்தது. டாக்டரிடம் போனால் வேறு மருந்து கலந்துவிடும். அதனால் வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டினேன். அவள் போனையும் எடுத்துக்கொண்டேன்.

"இந்தக் கைக்கும் கொஞ்சம் தடவேன்க்கா."

ஜெல் கிண்ணம் இரண்டடி தூரத்தில் இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். தடவினால் ஏழு வருடமும் வீண். இன்னும் நாலு நாள்தான், பொறுத்துக்கோடி என்றேன்.

எட்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் முனகல் கேட்டுப் பூட்டை உடைத்தார்கள். ஆஸ்பத்திரியில் இடது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு நாள்தான் பாக்கி இருந்தது, சார்.

செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். வலது கையைப் போய்ப் பாருங்கள். ஒரு தழும்புகூட இருக்காது.