ஒரே வாய், வேறு கணக்கு

— மெதுவாம்மா, மெதுவா! திருகாதீங்க. அது மரை போட்ட லென்ஸ் இல்ல. செருகி, கால் சுத்து சுத்தினா டக்குன்னு உட்காரும்.

— தெரியும் ஐயா. பழைய கேமரா கடைக்காரி நான், நாள் பூரா இதைத்தான் கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கேன்.

— கோவிச்சுக்காதீங்க. முப்பத்தஞ்சு வருஷம் ஸ்டுடியோ நடத்தினவன். கை ஓய்ஞ்சாலும் வாய் ஓய மாட்டேங்குது. வீடு மாறுறோம். மருமக ஒரே பேச்சா சொல்லிட்டா: "மாமா, புது வீட்டுக்கு இந்தக் கேமராப் பெட்டி வரணுமா, நீங்க வரணுமா?" கொஞ்ச நேரம் யோசிச்சுத்தான் பதில் சொன்னேன்.

— பாவம் அந்தப் பொண்ணு. இங்க யார் கூட்டிட்டு வந்தாங்க?

— மகன். பலகையில இலை போட்ட கடைன்னு சொல்லி இறக்கிவிட்டுப் போயிட்டான். செடி விக்கிற இடமோன்னு திகைச்சுப் போனேன். கண்ணுல புரை எடுத்துப் பத்து நாள்தான் ஆச்சு. வெளிச்சம் கூசுது, தலையைத் தூக்காமலே உள்ள வந்துட்டேன். உங்க முகம்கூட மேகத்துக்குள்ள நிலா மாதிரிதான் தெரியுது.

— நிலாவா! அப்ப உங்க புது மூக்குக்கண்ணாடி வர்ற வரைக்கும் தினமும் வந்துட்டுப் போங்க. சரி, பாப்போம். பெரிய கேமரா ஒண்ணு, சின்னது ஒண்ணு, லென்ஸ் ஒண்ணே ஒண்ணு. கேமரா ரெண்டும் எங்கயும் கிடைக்கும். லென்ஸ்... பின் விளிம்புல இது என்ன?

— கீறல். வாங்கும்போதே இருந்தது. அதைச் சாக்கா வெச்சு விலையைக் குறைப்பீங்க, அதானே?

— பஞ்சுல ஒரு சொட்டு ஸ்பிரிட். இருங்க... அழுக்கு வருது... ஐயா, கீறல் இல்ல இது. எழுத்து.

— எழுத்தா? இத்தனை வருஷமா என் கண்ணுல படாத எழுத்தா?

— ஒத்தை எழுத்து. எந்தக் கேமராவுக்குச் செஞ்ச லென்ஸுன்னு சொல்ற அடையாளம்.

— இதுல சொல்ல என்ன இருக்கு? லென்ஸ் மேலயும் சின்னக் கேமரா மேலயும் ஒரே கம்பெனி பேரு. ஒரு வயித்துல பிறந்ததுங்க.

— பேரு ஒண்ணுதான். ஆனா போட்டிக் கம்பெனி கேமராவை வெச்சிருக்கிறவங்களும் வாங்கட்டும்னு அவங்க தனியாச் செஞ்சது இது. அதாவது, உங்க பெரிய கேமராவுக்கு. ரெண்டு கேமராவுக்கும் லென்ஸ் மாட்டுற வாய் ஒண்ணு, உள்ள தூரம் பிடிக்கிற கணக்கு வேற. இந்த எழுத்து போட்டது ரொம்பக் குறைச்சல். மனசுல ஒரு விலை வெச்சிருப்பீங்களே, அதை நாலால பெருக்கிக்குங்க.

— நான் வெச்சிருந்ததே கொஞ்சம் பேராசைதான்மா!

— அப்ப மூணால பெருக்குங்க. ஒண்ணு கேக்கணும் ஐயா. இதை எந்தக் கேமராவுல போட்டு வேலை பார்த்தீங்க?

— நான் பெரியதுல. கண் இமையை ஒண்ணொண்ணா எண்ணலாம், அப்படி விழும். அப்புறம் வேலைக்கு ஒரு பொண்ணு வந்தா. அவளுக்குச் சின்னக் கேமராவையும் இந்த லென்ஸையும் கொடுத்து ஒரு விழாவுக்குத் தனியா அனுப்பினேன். தூரத்துல நின்ன கூட்டம் பளிச்சுன்னு இருந்தது. கிட்ட எடுத்த முகம் அத்தனையும் கலங்கல்! மறுநாள் அதே லென்ஸை என் கேமராவுல மாட்டினேன். கண்ணாடி மாதிரி தெளிவு. அப்ப கோளாறு எங்க? கையில.

— அவ என்ன சொன்னா?

— "கை ஆடல மாஸ்டர், சத்தியமா ஆடல"ன்னா. ஸ்டுடியோவுல எல்லாருக்கும் நான் மாஸ்டர். நான் காதுல வாங்கல. காத்தே இல்லாம ஆடுமே அரசிலை, அந்தப் பேரையே அவளுக்கு வெச்சுட்டேன். மூணு மாசம் ஸ்டுடியோவே அப்படிக் கூப்பிட்டுச் சிரிச்சது. அப்புறம் வேலையை விட்டு அனுப்பினேன். மத்த ஸ்டுடியோக்காரங்க விசாரிச்சாங்க. கை நடுங்குற பொண்ணுன்னு உள்ளதைச் சொன்னேன்.

— உள்ளதை.

— விடியக்காலையில கைகூப்பித் துதிக்காம வாசல்படி இறங்காதவன்மா நான். பொய் சொல்ல மாட்டேன்.

— பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லல. சரி, பாப்போம். சின்னக் கேமராவுல லென்ஸை மாட்டி ஸ்டாண்டு மேல வெச்சுட்டேன். பின் மூடியைக் கழட்டி, ஃபிலிம் ஓடுற இடத்துல தேய்ச்ச கண்ணாடி வெச்சிருக்கேன், படம் அதுல விழும். எதிர்ல அளவு டேப்பைச் சாய்ச்சு வெச்சிருக்கேன். கேமராவோட சின்ன ஜன்னல் வழியாப் பாருங்க, இருபதாம் நம்பர் ரெண்டாத் தெரியும். அதை ஒண்ணாச் சேருங்க.

— இந்த ஜன்னலுக்குள்ள மட்டும் எனக்குக் கண்ணு தெளிவுதான்... இதோ. சேர்ந்துடுச்சு. ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கு.

— இப்ப பின்னால வாங்க. பூதக்கண்ணாடியைப் பிடிச்சுக்குங்க. எந்த நம்பர் தெளிவா இருக்கு?

— இருபதுதான், வேற என்ன... இருங்க. இருபது கலங்கலா... பதினேழு. பதினேழு நல்லாத் தெரியுது. ஸ்டாண்டு ஆடியிருக்கும்.

— ஸ்டாண்டு இரும்பு. யார் கையும் இதுல இல்ல. இன்னொரு தரம் சேருங்க.

— ... பதினேழு.

— அதே லென்ஸ், இப்ப பெரிய கேமராவுல. சேர்த்துட்டுப் பாருங்க.

— இருபது. இருபதேதான்... ஆனா அம்மா, கணக்கு வேறன்னா தூரத்துல மட்டும் எப்படித் தெளிவா விழுந்தது?

— தூரத்துல ரெண்டும் ஒத்துப்போகும் ஐயா. கிட்ட வர வரத்தான் பேதம் தெரியும். சில சொந்தக்காரங்க மாதிரி.

— சிரிப்பு வரலைம்மா. ஒரு பொண்ணோட பிழைப்பைக் கெடுத்திருக்கேன். பேரு ஒண்ணுன்னு நம்பி நானே கோத்துக் கொடுத்த ஜோடி. அவ கையைக் குத்தம் சொன்னேன். இத்தனை வருஷம் நியாயம் செஞ்சேன்னு நெனச்சுத் துதிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

— தண்ணி குடிங்க. உட்காருங்க.

— இப்ப எங்க இருக்காளோ, எதைச் செஞ்சு பிழைக்கிறாளோ!

— பார்த்தா என்ன சொல்வீங்க?

— மன்னிப்புக் கேக்க வாய் வருமான்னு தெரியல. முதல்ல அந்தப் பேரைத் திரும்ப எடுத்துக்குவேன். அரசிலைங்கிற பேரை அவ மேலேர்ந்து எடுத்துடணும்.

— அது மட்டும் முடியாது மாஸ்டர். பலகையில பெருசா எழுதி, பக்கத்துல இலையும் வரைஞ்சு, வாசல்ல மாட்டிப் பதினோரு வருஷம் ஆச்சு.