நரிக்குட்டிப் படத்துப் பாட்டு

என்னைப் பாட்டுப் பைத்தியம் என்று ஊரில் சொல்வார்கள். அது சரியல்ல, இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்குப் பிடித்தது ஒரே ஒரு பாட்டுதான்.

கடலைத் தேடிப் போகும் நரிக்குட்டியின் கதை, அந்தக் கார்ட்டூன் படம், வந்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்திருப்பீர்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ஒரு பெண் பிரிவைப் பற்றிப் பாடுவாள், அந்தப் பாட்டுதான். அப்போது எங்கள் மின்சாதனக் கடையில் இசைத்தட்டும் விற்றோம். பாட்டுக்கு விளம்பரம் தேட, கம்பெனிக்காரர்கள் அவளைக் கடைவாசலுக்கே அழைத்து வந்தார்கள். மிசாவோ என்று பெயர், பத்தொன்பது வயது. ஆரஞ்சுப் பழப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் நின்று, கொட்டும் பனியில் பாடினாள். கேட்டவர்களில் பாதிப்பேர் கடைக்கு பேட்டரி வாங்க வந்தவர்கள்.

அந்த ஒரு பாட்டோடு அவள் யோகம் முடிந்தது. அடுத்த இரண்டும் விலைபோகவில்லை, கம்பெனி கைவிட்டது. பக்கத்து ஊர் வெந்நீர் ஊற்று விடுதியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளைத் தேடிப்போய்க் கட்டிக்கொண்டேன். செகிகுச்சிக்கு வந்த வாழ்வைப் பார் என்று ஊரில் என்னைச் சொன்னார்கள்.

ஒருநாளும் அவள்மேல் கை ஓங்கியதில்லை. சமைத்துக்கொண்டே அவள் ஏதாவது முணுமுணுப்பாள். உடனே நான் அந்த இசைத்தட்டைப் போட்டுவிடுவேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளாகவே புரிந்துகொண்டு முணுமுணுப்பதை நிறுத்தினாள். பிள்ளைகளும் இல்லை. வீடு அமைதியாக இருந்தது. அப்படியே முப்பது வருடத்துக்கு மேல் போயிற்று.

போன இலையுதிர் காலத்தில் டோக்கியோவிலிருந்து அழைத்தார்கள். அந்தப் படத்தைப் புதிதாக வரைகிறார்களாம். பாட்டு அதேதான், ஆனால் பழைய பதிவு வேண்டாம், மிசாவோ இப்போதைய குரலில் மறுபடி பாட வேண்டும் என்றார்கள். போனை வைத்துவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். மறுநாளே வீட்டுப் பின்னாலிருக்கும், சாமான் போட்டுவைக்கும் கிட்டங்கியைக் காலி செய்தாள். கனத்த மண்சுவர், ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல். அங்கே போய்ப் பாடிப் பழகினாள். குளிருக்கு நான்தான் கடையிலிருந்து மண்ணெண்ணெய்க் கணப்பு ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன்.

அவள் குரல் தடித்துவிட்டிருந்தது. அடியில் மணல் கிடப்பதுபோல ஒரு கரகரப்பு. பக்கத்து வீட்டு ஒஷிகி அம்மாள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்க வீட்டம்மா பாடினதக் கேட்டுக்கிட்டே நின்னுட்டேன், அடுப்புல இருந்த மீன் கருகிப்போச்சு. எங்க வீட்டுக்காரர் போனப்பகூட நான் இப்படி அழல. இவ்வளவு நாளா இந்தக் குரல எங்கண்ணே ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

நான் சிரித்து வைத்தேன். அவளுக்குப் பாட்டு தெரியாது.

அன்று சாப்பிடும்போது மிசாவோவிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். "பழைய பாட்டையே போட்டுக்கச் சொல்லேன். அதுக்கு என்ன குறைச்சல்?"

"அதப் பாடினவ சின்னப் பொண்ணுங்க. பிரிவுன்னா என்னன்னு அவளுக்கு என்ன தெரியும்? இப்பத்தான் எனக்கே அந்தப் பாட்டு புரியுது."

"கடைசி வரியில 'கடல்'னு சொல்றப்ப ஒரு நடுக்கம் வருமே. அது இனிமே வருமா?"

அவள் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. "அட, அதுவா! அன்னிக்கு ஸ்டூடியோவுல ஹீட்டர் ரிப்பேருங்க. குளிர்ல பல்லு கிட்டிப்போச்சு. அதத்தான் இத்தன வருஷமா ரசிச்சீங்களா? ஐயோ பாவமே."

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் தவறாக நினைவு வைத்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. புதுப்பாட்டு வந்துவிட்டால் நாளைக்குப் பிள்ளைகள் அதைத்தான் அந்தப் பாட்டு என்பார்கள். பெட்டிமேல் நின்ற பெண் செத்துப்போவாள். அவளுக்கு இந்த உலகத்தில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பிப்ரவரியில் பனி கூரையை அழுத்திக் கிடந்தது. அதைத் தள்ளுவது எங்கள் ஊரில் பல் துலக்குவது மாதிரி. மிசாவோ பதிவுக்கு டோக்கியோ கிளம்ப இருந்த வாரம் அது. காலையில் அவள் கிட்டங்கிக்குப் போய்க் கணப்பை ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஏணி வைத்து அதன் கூரைமேல் ஏறினேன். முதலில் ஜன்னல் மூடும்வரை அந்தப் பக்கம் பனியைத் தள்ளினேன். பிறகு கதவுப் பக்கம். கதவு வெளியே திறக்கும் கதவு. ஒஷிகி அம்மாள் வழியில் போகும்போது கையசைத்து, "பாத்துண்ணே, வழுக்கிடப் போகுது" என்றாள். நானும் கையசைத்தேன்.

உங்கள் காகிதத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். நாற்பது வருடமாகக் கணப்பு விற்கிறவன் நான். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், அடைத்த அறையில் கணப்பின் நச்சுவாயு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் விற்பேன். என் கடைக்கு ஒரு பேர் இருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டான் என்று அதைக் கெடுக்க வேண்டாம். தெரிந்துதான் செய்தேன். இறங்கி, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் இசைத்தட்டைப் போட்டேன்.

கூப்பிட்டாளா என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டாள். கதவைத் தட்டினாள், என் பெயரைக்கூடச் சொன்னாள். பாட்டு முடிந்து ஊசியை எடுத்து மறுபடி வைக்கும்போதெல்லாம் தெளிவாகவே கேட்டது. ஆனால் அது யாரோ ஒரு கிழவியின் கரகரத்த குரல், ஐயா. மிசாவோவின் குரலாக இருந்திருந்தால், அந்த நிமிடமே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்க மாட்டேனா?