பதினொன்றும் மார்பில்தான்

செவ்வாய்க்கிழமைகளுக்கென்றே என்னிடம் ஒரு டை இருந்தது. கருநீலம், கோடு புள்ளி எதுவும் கிடையாது. சனி ஞாயிறு ஆட்டங்களில் யார் யாருடைய கழுத்தைப் பிடித்தார்கள் என்று திங்களன்று படம் போட்டுப் பார்ப்பார்கள். செவ்வாய் மாலை சிட்னியில் ஒழுங்கு விசாரணைக் குழு கூடும். பதினான்கு வருடம் ரக்பி லீக் ஆடியவனுக்கு ஒரு டை அதிகமில்லை. கல்யாணத்துக்குக் கட்டியதைவிட விசாரணைக்குக் கட்டியதுதான் அதிகம் என்று என் மனைவி ஷெரில் சொல்லிச் சிரிப்பாள்.

லீக் சார்பில் நீங்கள் கேட்க வந்திருப்பது கோரி டன்லீ விஷயம். சொல்லுகிறேன். ரெக்கார்டர் ஓடட்டும், எனக்கு அவசரமில்லை.

கோரி எங்கள் கிளப்பில் மூன்று வருடம் ஆடிவிட்டு எதிரணிக்குப் போனவன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது, எல்லோரும் போவதுதான். அவன் ஓடினால் பார்க்க அழகாக இருக்கும், எதிரே நிற்பவன் நீங்களாக இல்லாதவரை. இடது காலை ஊன்றுவான், வலது பக்கம் வெட்டுவான், அவ்வளவுதான், நீங்கள் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடப்பீர்கள். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அவன் அணியோடு மோதிய அந்தச் சனிக்கிழமை அரைமணி நேரத்துக்குள் இரண்டு முறை கிடந்தேன். இரண்டாவது முறை கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துப் புள்ளி எடுத்துவிட்டு என்னைத் தாண்டித் திரும்பிப் போனான்.

"என்ன பெரிசு, காலை வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா? ஒரு நாற்காலி கொண்டாரச் சொல்லட்டுமா?"

நானும் சிரித்தேன். நல்ல கிண்டல்தான். முப்பத்தொன்றாவது நிமிடத்தில் மூன்றாவது முறை வந்தான். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கி, மடக்காமல் வைத்துக் காத்திருந்தேன். அவன் தாடை அதில் வந்து சேர்ந்தது. கோபமெல்லாம் இல்லை. கோபத்தில் அடிப்பவர்கள் குறி தவறிவிடுவார்கள்.

நடுவர் என்னைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொன்னார். கோரியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

என் பெயரில் ஏற்கெனவே இரண்டு பதிவுகள். குற்றத்தை உடனே ஒப்புக்கொண்டால் நான்கு ஆட்டம் தடை. எதிர்த்து வாதாடித் தோற்றால் ஆறு. வென்றால் ஒன்றுமில்லை. எங்கள் அணி கடைசிவரை போனால் நான்காவது ஆட்டம்தான் இறுதி ஆட்டம். பதினான்கு வருடத்தில் ஒரு இறுதி ஆட்டம்கூட ஆடாதவன் நான். இன்னொரு வருடம் எனக்கு யாரும் ஒப்பந்தம் தரப்போவதில்லை என்பதும் தெரியும். ஆக, வாதாடியாக வேண்டும்.

அடித்தவன் மறுநாள் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஒரு பெட்டி பீர், நாலு கெட்ட வார்த்தை, ஒரு கைகுலுக்கல், அதோடு தீர்ந்தது. விசாரணை என்று வந்தால் அடி வாங்கியவன் அடித்தவனுக்காக இரண்டு வார்த்தை பேசுவதும் உண்டு. மைதானத்தில் நடந்ததை வெளியே தூக்கிக்கொண்டு அலைபவனை எவனும் மதிக்க மாட்டான்.

ஞாயிறு காலை மருத்துவமனைக்குப் போனேன். பீரை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கோரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா நொரீன் எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"பெரிசு, எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. என்னாச்சு?" என்றான்.

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். அந்த நிமிடம்தான் எனக்குத் தோன்றியது. அதுவரை என்னிடம் ஒரு திட்டமும் கிடையாது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"வழுக்கிட்டடா. புல்லு ஈரம். இடது கால் போயிடுச்சு. நான் கை வச்ச இடத்துக்கு உன் தலை வந்துடுச்சு."

"அட, நான்தானா! உன்னைப் போட்டு வறுத்தெடுத்திருப்பாங்களே?"

"அதெல்லாம் விடு. நீ படு."

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன், அதே வார்த்தைகளில். மாலைக்குள் ஏழெட்டு முறை ஆகியிருக்கும். திங்களன்றும் போனேன். நான் உள்ளே நுழையும்போது அவனே நொரீனிடம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான், கையால் வழுக்கிக் காட்டி. நொரீன் என்னைப் பார்த்து, "நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதேப்பா," என்றாள்.

குழுவில் இருந்த மூவரும் பழைய ஆட்டக்காரர்கள். ஒருவருக்குக் காது இருக்க வேண்டிய இடத்தில் பிசைந்த மாவு மாதிரி ஏதோ இருந்தது. படத்தை நான்கு கோணத்தில், மெதுவாக ஓட்டினார்கள். மெதுவாக ஓட்டினால் கைகுலுக்குவதுகூடக் கொலை மாதிரித் தெரியும் என்றாள் என் வக்கீல் பிலிப்பா கார்மடி. பிறகு கோரியைத் தொலைபேசியில் பிடித்து, குரல் அறை முழுக்கக் கேட்கும்படி மேசை நடுவில் வைத்தாள்.

"ஆமா சார், நான்தான் வழுக்கினேன். புல்லு ஈரம், இடது கால் போயிடுச்சு. அவரு கை வச்ச இடத்துக்கு என் தலை வந்துடுச்சு. அந்த பூட்ஸ்ல அடியில ஒரு ஸ்டட் ஏற்கெனவே கழண்டிருந்துச்சு சார், மாத்தச் சோம்பேறித்தனம். பெரிசை உக்கார வச்சிடாதீங்க. அவரு இல்லேன்னா பைனல்ல நான் யாரை ஏமாத்துறது?"

மூவரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். ஆனால் ஸ்டட், அதாவது வழுக்காமல் இருக்க பூட்ஸ் அடியில் திருகும் குமிழ், கழன்ற கதையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை அவனாகவே கண்டுபிடித்து, அதையும் பார்த்ததாக நம்பிக்கொண்டிருந்தான். கொஞ்சம் பிரமித்துப்போனேன். பதினேழு நிமிடத்தில் என்னை விடுவித்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நீங்கள் இன்று வந்திருக்க மாட்டீர்கள்.

தலையில் அடிபட்டவன் மறுபடி ஆடுவதற்கு முன் டாக்டர் சோதிப்பார். ஒற்றைக் காலில் நில், வார்த்தைகளைத் திருப்பிச் சொல், அடிபட்டது எப்படி என்று சொல். கோரி மூன்றாவது கேள்விக்கு ஈரப் புல்லில் தொடங்கி ஸ்டட் வரைக்கும் சொல்லியிருக்கிறான். நினைவு முழுசாகத் திரும்பிவிட்டது என்று டாக்டர் எழுதினார். பாவம், அவர் மேல் தப்பில்லை. அன்று மதியமே கோரி எனக்குப் போன் செய்தான்.

"பெரிசு, பாஸ் பண்ணிட்டேன். நாற்காலியை ரெடி பண்ணிக்க."

அப்போது சொல்லியிருக்கலாம். நிறையத் தண்ணீர் குடி, நன்றாகத் தூங்கு என்று சொன்னேன். அதுவும் நல்ல யோசனைதான்.

அவர்கள் அணியும் எங்கள் அணியும் இறுதி ஆட்டத்துக்கு வந்தன. எண்பதாயிரம் பேர். ஆட்டம் தொடங்குவதற்கு முன் கோரி என் பக்கத்தில் வந்து நின்றான்.

"பெரிசு, நாம எந்தப் பக்கம் ஆடுறோம்?"

"நாம ஒரே டீம் இல்லடா."

குனிந்து தன் சட்டையின் நிறத்தைப் பார்த்தான். "அட, ஆமால்ல," என்று சிரித்தான்.

அவன் தலை இன்னும் ஆறவில்லை என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அவர்களுடைய டாக்டர் இருபது அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார், எங்களுடையவரும்தான். நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

அன்று அவனைப் பதினொரு முறை பிடித்தேன். பதினொன்றும் மார்பில்தான். கழுத்துக்கு மேலே என் ஒரு விரல்கூடப் போகவில்லை. வேறு யாராவது பந்தோடு வந்தால் பக்கத்தில் நிற்பவனுக்கு விட்டுக்கொடுத்தேன். அவன் வந்தால் விடவில்லை. வேகமாக ஓடி வருபவனின் மார்பைச் சட்டென்று நிறுத்தினால் தலை மட்டும் நிற்காமல் போய்த் திரும்பும். பதினான்கு வருடம் ஆடியவனுக்கு அது தெரியும். ஐந்தாவது பிடிக்குப் பிறகு, "நல்ல டேக்கிள்," என்றுகூட நடுவர் சொன்னார். பதினொன்றாவது முறை, கொக்கியிலிருந்து விழுகிற கோட்டு மாதிரி விழுந்தான். நாங்கள் இரண்டு புள்ளியில் ஜெயித்தோம்.

திங்களன்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. செவ்வாயன்று டை கட்டவில்லை. அந்த மாலையை எப்படிக் கழிப்பது என்றே தெரியாமல் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டேன்.

அதனால், கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் அடி வேண்டுமென்றே அடித்தது. அவன் வழுக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் பிடித்த பதினொன்றும் வேண்டுமென்றேதான். உங்கள் சட்டப் புத்தகத்தில் அந்தப் பதினொன்றுக்கும் ஒரு வரி இருக்காது. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

வியாழக்கிழமைதோறும் அவன் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்குப் போகிறேன். ஆறு வருடத்தில் இரண்டு வாரம்தான் தவறியிருக்கிறது. நொரீன் டீ போட்டுத் தருவாள், பழைய கூட்டாளிகளில் நான் ஒருவன்தான் வருகிறேனாம். கோரிக்கு இப்போது நொரீனின் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. என்னைப் பார்த்தால் மட்டும் முகம் மலர்ந்துவிடும்.

"பெரிசு, எனக்கு என்னாச்சு?"

"வழுக்கிட்டடா."

உடனே இடது காலைத் தூக்கி, வீட்டுச் செருப்பின் அடியைத் திருப்பிப் பார்ப்பான். நானும் கூடக் குனிந்து பார்த்து, ஆமாம், ஒரு ஸ்டட் இல்லை என்பேன். அப்போதுதான் அவன் முகம் தெளியும். கால் மணி நேரத்தில் மறுபடி கேட்பான், நானும் மறுபடி குனிவேன். அவனிடம் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து பதில் சொல்ல என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.