குப்பை லாரியைக் கேட்டு வந்த போன்

மேடையில் அமர்ந்திருக்கும் நலச்சங்கத் தலைவர் சுந்தரராமன் அவர்களே, மர்பி டவுன் பெரியோர்களே, தாய்மார்களே! ஃபோர்த் கிராஸ் தெரு அனந்தலக்ஷ்மியின் வணக்கம். நம் சங்கச் செயலாளர், பொறியாளர் ராஜேந்திரன் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கிறோம். கூட்டம் என்றால் முதல் ஆளாக வந்து மைக்கைச் சரிபார்ப்பவர் அவர். இன்று மைக் கரகரக்கிறது. பார்க்க ஆளில்லை.

அவர் நமக்குச் செய்தது என்ன? எந்தெந்தத் தெருவுக்கு லாரி போனது என்று குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரர்கள் தங்கள் இணையதளத்தில் போட்டுவைத்தார்கள். பக்கம் பக்கமாக, ஊர் முழுவதற்கும்! யார் உட்கார்ந்து தேடுவது? ஓய்வு பெற்ற பிறகு பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு ராஜேந்திரன் ஒரு புரோகிராம் எழுதினார். காலையில் அதை ஓட்டினால் போதும், நம் தெருக்களின் விவரம் மட்டும் திரண்டு வந்துவிடும்.

"தினமும் லாரி வருது சார்" என்று இதே மண்டபத்தில் சாதித்தார், அவர்களுடைய மேற்பார்வையாளர் வெங்கடசாமி.

"நீங்க சொன்னா சரிதான் சார். உங்க கம்ப்யூட்டர்தான் வரலைன்னு சொல்லுது" என்றார் நம் ராஜேந்திரன்.

அடுத்த வாரத்திலிருந்து லாரி ஒழுங்காக வந்ததா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள்!

அந்தப் புரோகிராமில் ஒரே ஒரு குறை என்று என்னிடம் சொல்லியிருந்தார். காலையில் காபி ஆறுவதற்குள் போன் வரும்.

"மேடம், உங்க ஃபோர்த் கிராஸ் டேட்டா மட்டும் வர மாட்டேங்குது. லாரி வந்துச்சா, கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

"லைன்லயே இருங்க சார்" என்று பால்கனிக்குப் போய் வருவேன். வந்தது என்பேன். அப்புறம் மழை, முழங்கால் வலி, சிவாஜிநகர் பஸ் நெரிசல் என்று பேச்சு போகும். மனைவி போன பிறகு அவர் வீட்டில் பேச ஆளில்லை. என் வீட்டிலும் இல்லை.

போன வாரம் அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார், வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவருடைய பக்கத்து வீட்டு மஞ்சுநாத்.

"ஆன்ட்டி, புரோகிராம்ல ஒண்ணும் ப்ராப்ளம் இல்ல. உங்க ஃபோர்த் கிராஸ் டேட்டா டெய்லி கரெக்டா வந்திருக்கு."

பெரியோர்களே! அந்த மனிதர் தெரிந்தேதான் கேட்டிருக்கிறார்! சிரிப்பதா, அழுவதா? நான் மட்டும் என்னவாம்? அவர் கேட்பதற்கு முன்பே லாரியைப் பார்த்துவிட்டுத்தான் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மறுபடி பால்கனிக்குப் போனதெல்லாம் பேச்சு கொஞ்சம் நீளட்டும் என்றுதான். சபையில் இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இப்போதும் லாரி வருகிறது, போகிறது. போன் மட்டும் வருவதில்லை. தாங்க முடியவில்லை.

ராஜேந்திரன் அவர்களின் பணி நிற்காது! புரோகிராமை மஞ்சுநாத் ஓட்டுவார். எனக்குப் பைதான் தெரியாது. போன் செய்யத் தெரியும். இந்தச் சபையில் யார் யார் தனியாக இருக்கிறீர்கள் என்றும் தெரியும். நாளைக் காலை உங்களில் ஒருவரைக் கூப்பிடுவேன். உங்கள் தெருவுக்கு லாரி வந்ததா என்று கேட்பேன். வந்தது எனக்குத் தெரிந்துதான் இருக்கும். இருந்தாலும், மெதுவாக எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.