பொட்டு வைத்த டிஸ்க்

உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் ஃபேன் சத்தம் கொஞ்சம் அதிகம் சார். உள்ளே தூசி தட்டினால் சரியாகிவிடும்.

என் பெயர் எழில். வீடு போத்தனூரில். ஆர்.எஸ்.புரத்தில் டாக்டர் தம்பிதுரையின் கிளினிக் கம்ப்யூட்டர்களை ஆறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே பதினோராயிரம் நோயாளிகளின் விவரம் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருந்தது. பேக்கப் எடுங்கள் என்று நான் சொல்லாத மாதம் இல்லை. அதற்கென்று தனி டிஸ்க் ஒன்றையும் வாங்க வைத்தேன். அது பீரோவில் கிடந்தது. ஆயுத பூஜையன்று மட்டும் வெளியே எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். பிறகு மறுபடி பீரோ. ஒரு தடவைகூட அதை மெஷினில் மாட்டியதில்லை.

இந்த வருடப் பூஜையிலும் சொன்னேன். நர்ஸ் லோகப்பிரியா சிரித்தாள். "பேக்கப் சாமிக்கு அருள் வந்துருச்சுங்க டாக்டர், ஒரு தேங்காய ஒடைங்க."

டாக்டரும் சிரித்தார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது எழிலு. பொரி எடுத்துக்கோ."

எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லிப் பயனில்லை என்று மட்டும் தெரிந்தது. எல்லாரும் கிளம்பிய பின் மெஷினிலிருந்த டிஸ்கைக் கழற்றிவிட்டு, காலி டிஸ்க் ஒன்றை மாட்டினேன். மூன்று நாள் தவிக்கட்டும், பிறகு மீட்டுவிட்டேன் என்று கொடுத்துவிடலாம். எதையும் அழிக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காங்கேயத்திலிருந்து பஸ்ஸில் தெய்வாத்தாள் வந்தார். தேங்காய் எண்ணெய் மில்லில் வேலை. ஆணி கிழித்த கால் சீழ் வைத்து, நல்ல காய்ச்சல். எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் கேட்டார்.

"பேரு வாயில வராதுங்க. கம்ப்யூட்டர்ல செவப்பா எழுதி வச்சிருக்கறீங்களே. இனி மருந்துப் பேரு எழுதுன சீட்டு வேண்டாம், தூக்கிப் போடுங்கன்னு இந்தக் கண்ணுதானுங்க சொல்லுச்சு" என்று லோகப்பிரியாவைக் காட்டினார்.

டிஸ்க் பழுதாகிவிட்டது, மீட்டுக்கொண்டிருக்கிறேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். டாக்டர் என்னைப் பார்த்தார். "எப்ப வரும் எழிலு?"

"நாளைக்குங்க."

ஒத்துக்கொள்ளாத மருந்தை எழுதும் அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கிக் கொடுத்தவன் நான். டிஸ்க், வாசலில் நின்ற என் வண்டிப் பெட்டியில் இருந்தது. அதை எடுத்துவரக்கூடத் தேவையில்லை. முந்தின நாள்தான் வீட்டில் மாட்டிப் பார்த்திருந்தேன், அந்த அம்மாவின் பக்கமும் கண்ணில் பட்டிருந்தது. மருந்தின் பெயர் எனக்கு நினைவிருந்தது. ஒரே வார்த்தை. ஆனால் இன்னும் ஒரு நாள் பாக்கியிருந்தது. பாதியில் கொடுத்தால் யார் மனதிலும் நிற்காது.

டாக்டர் வெகுநேரம் யோசித்து ஒரு மருந்தை எழுதினார். லோகப்பிரியா எடுத்து வந்த குப்பியில் பெயரைப் படித்தேன். அதேதான். ஊசி போட்ட நாலாவது நிமிடம் அந்த அம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

சொன்னபடி மறுநாள் டிஸ்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை.

டாக்டர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர் ஒரு பேக்கப் எடுத்திருந்தால் தெய்வாத்தாள் இன்று மில்லுக்குப் போயிருப்பார். லோகப்பிரியா இப்போது தினமும் சாயங்காலம் எடுக்கிறாளாம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

நீங்கள் டைப் செய்த இந்த வாக்குமூலம் அந்த மெஷினில் மட்டும்தானே இருக்கிறது சார்? வேறு இடத்திலும் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். முன்னைப் போல மாதாமாதம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.